"உங்களுக்கு நீங்களே வங்கி": முழு ஆயுள் பாலிசியை வைத்துக் கடன் எடுக்கும் கணக்கு

கேள்வி இதுதான். நியூ ஜெர்சியில் எச்1பி விசாவில் வேலை, வயது 35, இரண்டு குழந்தைகள். ஏஜெண்ட் ஒருவர் ஆண்டுக்கு 12,000 டாலர் பிரீமியத்தில் முழு ஆயுள் பாலிசி எடுக்கச் சொல்கிறார். "கார், வீட்டு முன்பணம், பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே கடன் எடுக்கலாம். வட்டியை வங்கிக்குக் கட்டாமல் உங்களுக்கே கட்டிக்கொள்ளலாம். எடுத்த பணமும் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்" என்கிறார். இதெல்லாம் உண்மையா? ஊரில் அப்பா போட்டு வைத்த எல்ஐசி பாலிசியிலேயே இதைச் செய்ய முடியாதா?

ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி, உண்மையை ஒரு பக்கமாகத் திருப்பிக் காட்டுவது. நமக்குப் புரிகிற மொழியில் சொன்னால் இது நகைக் கடன். பத்துப் பவுன் சங்கிலியை அடகு வைத்துப் பணம் வாங்குகிறீர்கள். சங்கிலி பெட்டகத்தில் இருக்கும்போதே தங்கம் விலை ஏறினால் அந்த ஏற்றம் உங்களுக்குத்தான். ஆனால் வட்டி கடைக்காரருக்கு. அதற்காக யாரும் "நானே அடகுக் கடை வைத்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதில்லை. பாலிசி லோனும் அப்படியே. உங்கள் கேஷ் வேல்யூ (பாலிசிக்குள் சேர்ந்திருக்கும் பணமதிப்பு) கம்பெனியிடம் ஈடாக நிற்கிறது, கம்பெனி தன் பணத்தைக் கடனாகத் தருகிறது, வட்டி கம்பெனிக்குப் போகிறது. "எடுத்த பணமும் வளர்கிறது" என்பதன் பொருள் இவ்வளவுதான்: நீங்கள் பணத்தை எடுக்கவே இல்லை, கடன்தான் வாங்கினீர்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். இதைப் பரப்பியவர் நெல்சன் நாஷ் என்ற அமெரிக்கர். வனத்துறைப் படிப்பு படித்து, பிறகு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனவர். 2000ஆம் ஆண்டு இதைப் புத்தகமாக எழுதினார். ஆனால் யோசனை முளைத்த காலம் 1980களின் தொடக்கம். 1980 டிசம்பரில் அமெரிக்க வங்கிகளின் பிரைம் ரேட் (சிறந்த வாடிக்கையாளருக்கான கடன் வட்டி) 21.5 சதவீதத்தைத் தொட்டது. அதே நேரத்தில் பழைய பாலிசிகளில் கடன் வட்டி 5, 6, 8 சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அன்று பாலிசியில் கடன் எடுத்து வங்கிக் கடனை அடைத்தவர் பிழைத்தார். இன்று அந்த இடைவெளி கிடையாது. அந்த அடி வாங்கிய பிறகு கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. புதிய பாலிசிகளில் கடன் வட்டி சந்தையோடு மாறும் என்று எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே உங்கள் பாலிசியில் கடன் வட்டி நிலையானதா, மாறுவதா என்பதை முதலில் கேளுங்கள்.

இனி பாலிசிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது, கடனில் இல்லை.

நீங்கள் கட்டும் 12,000 டாலர் ஒரே குடத்தில் போய் விழுவதில்லை. அடிப்படைப் பிரீமியம் ஒரு பங்கு. பெய்ட்-அப் அடிஷன்ஸ், ஏஜெண்டுகள் வாயில் பியூஏ, இன்னொரு பங்கு. அது ஒரே தடவையில் முழுப் பிரீமியமும் கட்டி வாங்கிய குட்டி பாலிசிகள் மாதிரி. போட்ட உடனேயே பெரும்பகுதி கேஷ் வேல்யூவாக நிற்கும். மூன்றாவதாக ஒரு சிறு டெர்ம் ரைடர், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கூடுதல் காப்பு தரும் இணைப்பு. அது எதற்கு என்பது கீழே வரும்.

12,000 டாலரையும் அடிப்படைப் பிரீமியமாகவே எழுதினால் காப்புத் தொகை பெரிதாக இருக்கும், முதல் ஆண்டு முடிவில் கேஷ் வேல்யூ பூஜ்யமோ அதை ஒட்டியோ இருக்கும். கட்டிய தொகை அளவுக்குக் கேஷ் வேல்யூ வளர பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலேயே ஆகலாம். அதே 12,000ஐ அடிப்படை 4,000, டெர்ம் ரைடர் 400, பியூஏ 7,600 என்று பிரித்தால் கதையே வேறு. பியூஏ மீது 7 சதவீதம் செலவு (லோட்) பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 7,068 டாலர் முதல் ஆண்டிலேயே கேஷ் வேல்யூவாக நிற்கும். அதில் 90 சதவீதத்துக்குச் சற்று மேல், சுமார் 6,500 டாலர் வரை கடன் கிடைக்கும். நான்காம் ஆண்டு முடிவில் கட்டியது 48,000, கேஷ் வேல்யூ 38,000 அருகே இருக்கலாம். ஏழெட்டு ஆண்டுகளில் இரண்டும் சமமாகும். இவை மாதிரிக் கணக்குகள். கம்பெனி, வயது, உடல்நிலையைப் பொறுத்து மாறும், ஆனால் திசை இதுதான்.

ஒரே பணம், ஒரே கம்பெனி, ஒரே ஆள். பிரிக்கிற விதம்தான் வித்தியாசம். அப்படியானால் எல்லா ஏஜெண்டும் இரண்டாவது வகையிலேயே ஏன் எழுதுவதில்லை? அடிப்படைப் பிரீமியத்தில் முதல் ஆண்டுக் கமிஷன் பாதிக்கு மேல் போகும். பியூஏவில் அது ஒற்றை இலக்கச் சதவீதம். "பியூஏ எவ்வளவு, அதில் லோட் எத்தனை சதவீதம்" என்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்வியிலேயே ஏஜெண்ட் யார் பக்கம் என்பது தெரிந்துவிடும். முதல் ஆண்டு கேஷ் வேல்யூ கட்டியதில் பாதிக்குக் கீழே என்று காட்டும் திட்டத்தை இந்த நோக்கத்துக்காக எடுக்க வேண்டாம்.

அப்படியென்றால் அடிப்படையை 500 டாலராக்கி மீதியெல்லாம் பியூஏவில் போட்டால் என்ன? அங்கேதான் வரிச் சட்டம் குறுக்கே வருகிறது. 1980களில் பணக்காரர்கள் ஒரே தவணையில் பெரிய தொகையைப் பாலிசியில் போட்டு, வரியில்லாமல் வளர்த்து, வரியில்லாமல் கடனாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1988இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதை அடைத்தது. உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 7702ஏ பிரிவு, "ஏழு தவணைச் சோதனை". முதல் ஏழு ஆண்டுகளில் எந்தக் கட்டத்திலும், ஏழு சம தவணைகளில் பாலிசியை முழுதாகக் கட்டி முடிக்கத் தேவைப்படும் தொகையைத் தாண்டிக் கட்டியிருந்தால் அது மெக் ஆகிவிடும். மெக் என்பது மாற்றியமைக்கப்பட்ட எண்டோமெண்ட் ஒப்பந்தம் என்பதன் சுருக்கம். மெக் ஆனால் கடனாக எடுத்தாலும் முதலில் லாபம் வெளியே வந்ததாகக் கணக்கு. அதற்கு வருமான வரி, 59½ வயதுக்குள் என்றால் மேலே 10 சதவீத அபராதம். ஒருமுறை மெக் ஆனால் என்றைக்கும் மெக். நீங்கள் கேட்கும் திட்டம் அந்த நிமிடமே செத்தது.

டெர்ம் ரைடர் இதற்குத்தான். காப்புத் தொகை கூடினால் ஏழு தவணை வரம்பும் கூடும், அதிகம் பியூஏ போட இடம் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் "இந்த ரைடர் எதற்கு, 400 டாலர் மிச்சம்" என்று எடுத்துவிட்டால், குறைந்த காப்புத் தொகையை முதல் நாளிலிருந்தே வைத்துச் சோதனையை மறுபடி போடுவார்கள், மெக் ஆகிவிடலாம். பணத் தட்டுப்பாட்டில் முதல் ஏழு ஆண்டுகளுக்குள் காப்புத் தொகையைக் குறைத்தாலும் இதே ஆபத்து. தெரியாமல் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவிட்டால் மீள ஒரு வழி உண்டு: அந்தப் பாலிசி ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் கம்பெனி அதிகப்படியை வட்டியோடு திருப்பிக் கொடுத்தால் மெக் ஆகாது. நல்ல கம்பெனிகள் தாமாகவே எச்சரிக்கும். ஆண்டுக்கு ஒரு தடவை உங்கள் வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது உங்கள் வேலை.

2021இலிருந்து சட்டத்தில் கணக்கிடும் வட்டி விகிதத்தைக் குறைத்திருப்பதால் அதே காப்புத் தொகைக்கு முன்பைவிட அதிகப் பணம் போட முடிகிறது. பழைய வீடியோக்களில் காட்டும் விகிதாசாரங்கள் இன்றைய பாலிசிக்குப் பொருந்தாது.

பியூஏவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில கம்பெனிகளில் ஓர் ஆண்டு பியூஏ கட்டாமல் விட்டால் அந்த உரிமையே போய்விடும், அல்லது மறுபடி மருத்துவச் சோதனை கேட்பார்கள். சிலவற்றில் விட்டதைப் பிறகு சேர்த்துக் கட்டலாம். கார் கடனை அடைக்கும் ஆண்டில் பியூஏவைக் குறைக்கலாம் என்பதுதான் திட்டமென்றால், ரைடர் பக்கத்தில் இந்த விதியை முதலில் படியுங்கள். மாதத் தவணையும் கவனிக்க வேண்டியதே: 12,000ஐ மாதம் 1,000 என்று யாரும் வாங்குவதில்லை, 1,040, 1,050 என்று வரும். ஆண்டுக்கு ஒரு தடவை கட்டுவதே மலிவு.

சரி, கடன். எடுக்கும் வேலை உண்மையிலேயே சுலபம். இணையத்தில் விண்ணப்பித்தால் சில வேலை நாட்களில் பணம் கணக்கில் வந்துவிடும். கிரெடிட் ஸ்கோர் பார்ப்பதில்லை, கடன் பீரோவுக்குச் சொல்வதில்லை, எதற்கென்று கேட்பதில்லை, திருப்பிக் கட்டக் கெடு இல்லை. வேலை போன மாதத்தில் வங்கி கதவைச் சாத்தினாலும் இது திறந்திருக்கும். முழு ஆயுள் பாலிசியின் உண்மையான பலம் இந்த ஒன்றுதான் என்று நான் சொல்வேன். (ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்: கடனை ஆறு மாதம் வரை தள்ளிப்போடக் கம்பெனிக்கு உரிமை உண்டு. சாதாரண காலத்தில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை.)

காரையே எடுத்துக்கொள்வோம். 30,000 டாலர், ஐந்து ஆண்டு. கிரெடிட் யூனியனில் 6.5 சதவீதம் என்றால் மாதம் 587 டாலர், மொத்த வட்டி சுமார் 5,220. பாலிசியில் 5 சதவீதத்துக்கு எடுத்து அதே ஐந்து ஆண்டில் அடைத்தால் மாதம் 566, மொத்த வட்டி சுமார் 3,970. மிச்சம் 1,250 டாலர். பரவாயில்லைதான், ஆனால் ஐந்து ஆண்டில் 1,250. கடன் வட்டி 6 சதவீதமாக இருந்தால் மிச்சம் 420ஆகக் குறைந்துவிடும். வட்டியை முன்கூட்டியே பிடிக்கும் கம்பெனியாக இருந்தால் 5 சதவீதம் என்பது நடப்பில் 5.26. கார் கம்பெனி 1.9 சதவீதத்துக்குக் கடன் கொடுக்கிற மாதத்தில் பாலிசியைத் தொடுவது வீண்.

இப்போது அந்தப் பிரபலமான வித்தை. "566 கட்டாதீர்கள், வங்கிக்குக் கட்டுவதாக நினைத்து 587 கட்டுங்கள், அந்த அதிகப்படி வட்டி உங்களுக்கே" என்பார்கள். அந்த 21 டாலர் கடன் கணக்குக்குப் போனால் கடன் சில மாதம் முன்னதாக முடியும், அவ்வளவுதான். பியூஏவுக்குப் போனால் அது புதிய பிரீமியம். லோட் உண்டு, மெக் வரம்பு உண்டு. இரண்டிலும் உங்கள் சட்டைப் பையிலிருந்து 21 டாலர் கூடுதலாகச் சேமித்தீர்கள். சேமிப்பு நல்லது. அதை வட்டி வருமானம் என்று அழைப்பதுதான் பிசகு.

சேமிப்புக் கணக்கில் 4 சதவீதத்தில் கிடக்கும் 30,000ஐ எடுத்துக் காரை வாங்கினால் அந்த 4 சதவீதத்தை இழக்கிறீர்கள். பாலிசியில் கடன் எடுத்தால் உள்ளே நாலு, நாலரை வளர்கிறது, வெளியே 5 கட்டுகிறீர்கள். வரியைச் சேர்த்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் சில நூறு டாலர். ஆகவே "கடன் எடுக்கும் முறையால் செல்வம் பெருகும்" என்று காட்டும் படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பாலிசி நீண்ட காலத்தில் எவ்வளவு தரும் என்று மட்டும் பாருங்கள்.

அது எவ்வளவு? மியூச்சுவல் கம்பெனிகள் (பாலிசிதாரர்களே உரிமையாளர்களாக உள்ளவை) ஒவ்வோர் ஆண்டும் டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, வட்டி விகிதம் அறிவிக்கும். மாஸ் மியூச்சுவல் 2025க்கு அறிவித்தது 6.40 சதவீதம். அதைப் பார்த்து உங்கள் பணம் 6.4இல் வளரும் என்று நினைத்தால் ஏமாற்றம். அது உயிர்க்காப்புச் செலவு, நிர்வாகச் செலவு கழிக்கும் முன் உள்ள எண். நன்றாக வடிவமைத்த பாலிசியில் இருபது, முப்பது ஆண்டு கழித்து நீங்கள் கட்டியதன் மீது கிடைப்பது 4 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். டிவிடெண்டுக்கு உத்தரவாதமும் கிடையாது. வரியில்லாத பாண்டு மாதிரி ஒரு பொருள் என்று நினைத்தால் நியாயமான எதிர்பார்ப்பு. பங்குச் சந்தையோடு ஒப்பிட்டுப் புகழ்வதும் தப்பு, திட்டுவதும் தப்பு.

கடன் இருக்கும்போது டிவிடெண்ட் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் இரண்டு வழக்கம். டைரக்ட் ரெகக்னிஷன் கம்பெனி, அடகில் இருக்கும் பகுதிக்குக் கடன் வட்டியை ஒட்டி வேறு விகிதம் போடும். நான்-டைரக்ட் கம்பெனி, கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விகிதம். இரண்டாவதுதான் சிறந்தது என்று ஏஜெண்டுகள் சத்தியம் செய்வார்கள். கம்பெனிக்கு ஆகும் செலவு எங்கோ ஓரிடத்தில் ஏறித்தான் ஆகும். நான்-டைரக்டில் அது எல்லோருடைய டிவிடெண்டிலும் பரவுகிறது. இதை வைத்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஒரு வேடிக்கை. "வட்டி உங்களுக்கே" என்ற வாசகம் எழுத்துக்கு எழுத்து உண்மையாகும் இடம் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம்: 401கே (வேலை வழியாக வரும் ஓய்வூதியச் சேமிப்பு) கடன். அனுமதிக்கும் திட்டங்களில், உங்கள் இருப்பில் பாதி அல்லது 50,000 டாலர், எது குறைவோ அதுவரை எடுக்கலாம். நீங்கள் கட்டும் வட்டி உங்கள் 401கே கணக்கிலேயே போய் விழும். ஐந்து ஆண்டில் அடைக்க வேண்டும். வேலை மாறினால் அடுத்த வரித் தாக்கல் கெடுவுக்குள் மீதியைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதை நிரந்தரமாக எடுத்ததாகக் கணக்கு, வரி வரும். அங்கே எடுத்த பணம் சந்தையில் வளராது. சீட்டுப் போட்டுத் தள்ளி எடுத்துப் பழகிய நமக்கு இதெல்லாம் புதிதல்ல. எந்த வழியிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கும்.

பெரிய ஆபத்து எங்கே? அடகு நகை மூழ்குவது மாதிரிப் பாலிசி மூழ்குவதில். கெடு இல்லை என்பதால் பலர் வட்டியே கட்டுவதில்லை. கட்டாத வட்டி பாலிசி ஆண்டு நிறைவில் அசலோடு சேரும். ஒரு லட்சம் டாலர் 5 சதவீதத்தில் பத்து ஆண்டில் 1.63 லட்சம், இருபது ஆண்டில் 2.65 லட்சம். 8 சதவீதமானால் இருபதில் 4.66 லட்சம். கடன் கேஷ் வேல்யூவைத் தொட்டதும் கம்பெனி நோட்டீஸ் அனுப்பும், கெடுவுக்குள் பணம் போடாவிட்டால் பாலிசி லாப்ஸ், அதாவது காலாவதி.

அப்போது வரும் வரியைத்தான் யாரும் படத்தில் காட்டுவதில்லை. இருபது ஆண்டில் 2,40,000 டாலர் கட்டியிருக்கிறீர்கள். கேஷ் வேல்யூ 3,60,000. கடனும் வட்டியும் சேர்ந்து 3,40,000. சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை முடித்துக்கொண்டால், கையில் வருவது 20,000. ஆனால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கணக்கில் லாபம் 3,60,000 கழித்தல் 2,40,000, அதாவது 1,20,000. கடன் பணத்தை என்றைக்கோ செலவழித்திருந்தாலும் இப்போது இந்த லாபத்தை வருமானமாகக் காட்டும் 1099-ஆர் படிவம் வரும். 24 சதவீதத்தில் வரி 28,800. கையில் வந்ததைவிட வரி அதிகம். "எனக்குப் பணமே வரவில்லையே" என்று வரி நீதிமன்றம் போனவர்கள் தோற்றிருக்கிறார்கள். "பாலிசி லோனுக்கு வரி இல்லை" என்ற வாக்கியத்துக்கு "சாகும்வரை பாலிசி உயிரோடு இருந்தால்" என்ற வால் உண்டு. இறந்தால் காப்புத் தொகையிலிருந்து கடனைக் கழித்துக்கொண்டு மீதியை வருமான வரியில்லாமல் குடும்பத்துக்குத் தருவார்கள்.

பிரீமியத்தைக் கட்டாமல் விட்டால் தானாகவே கடன் எடுத்துக் கட்டிக்கொள்ளும் வசதி பல பாலிசிகளில் இருக்கும். மறதிக்கு நல்லது, ஆனால் மூன்று நான்கு ஆண்டு கவனிக்காமல் விட்டால் கடன் சத்தமில்லாமல் ஏறியிருக்கும். பிரீமியமே கட்ட முடியாத நிலை வந்தால் லாப்ஸ் ஆக விடாமல், "ரெட்யூஸ்டு பெய்ட்-அப்" கேளுங்கள். காப்புத் தொகை குறையும், இனிப் பிரீமியம் இல்லை, பாலிசி உயிரோடு இருக்கும். முதல் ஏழு ஆண்டுக்குப் பிறகு என்றால் மெக் பயமும் பெரும்பாலும் இல்லை.

ஏஜெண்டிடம் இல்லஸ்ட்ரேஷன் (ஆண்டுவாரி மாதிரிக் கணக்கு அட்டவணை) வாங்கும்போது இரண்டு பத்திகள் இருக்கும்: இடது பக்கம் உத்தரவாதமுள்ளது, வலது பக்கம் இல்லாதது. பேசும்போது விரல் எப்போதும் வலது பக்கப் பத்தியிலேயே ஓடும். நீங்கள் இடது பக்கத்தைப் பாருங்கள். பிறகு மூன்று காகிதம் கேளுங்கள். டிவிடெண்ட் விகிதத்தை 1 சதவீதம் குறைத்து ஓட்டிய இல்லஸ்ட்ரேஷன். ஐந்தாம் ஆண்டு 30,000 கடன் எடுத்து ஐந்து ஆண்டில் திருப்பிக் கட்டுவதாக ஓட்டியது. அதே கடனைத் திருப்பிக் கட்டாமலே விட்டால் எந்த ஆண்டில் லாப்ஸ் ஆகும் என்று ஓட்டியது. மூன்றாவதைத் தரத் தயங்கும் ஏஜெண்டிடம் எடுக்க வேண்டாம். பாலிசி கைக்கு வந்ததும் மாநிலத்தைப் பொறுத்து 10 முதல் 30 நாள் வரை முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. காகிதத்தில் பேசிய பிரிப்பும் ஒப்பந்தத்தில் உள்ள பிரிப்பும் ஒன்றா என்று அந்த நாட்களிலேயே சரிபாருங்கள்.

உங்கள் நிலைக்கு வருவோம். இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கும் 35 வயதுக்காரருக்கு மேலே சொன்ன பாலிசி தரும் காப்பு, அடிப்படை மட்டும் பார்த்தால் சுமார் மூன்று லட்சம் டாலர். போதாது. பத்து லட்சம் டாலருக்கு 20 ஆண்டு டெர்ம் பாலிசி, உடம்பு நன்றாக இருந்தால் மாதம் 50 டாலரைச் சுற்றிக் கிடைக்கும். அது முதல். 401கேயில் கம்பெனி தரும் மேட்ச் (நீங்கள் போடுவதற்கு இணையாக அது சேர்க்கும் பணம்) முழுதும், கார்டு கடன் பூஜ்யம், ஆறு மாதச் செலவு கையிருப்பு இவையெல்லாம் அதற்கடுத்து. 401கே வரம்பு 2025இல் 23,500 டாலர். அதை நிரப்பாமல் 12,000ஐப் பாலிசிக்குக் கொண்டுபோவது வரிசை தப்பிய வேலை. இத்தனையும் முடிந்து, 15 ஆண்டுக்கு மேல் கை வைக்காமல் கட்ட முடியும், பாண்டு மாதிரி ஒரு பங்கு வேண்டும் என்றால் அப்போது நல்ல வடிவமைப்பில் எடுக்கலாம்.

எச்1பி இதில் இன்னொரு முடிச்சைப் போடுகிறது. ஐந்தாம் ஆண்டில் விசா சிக்கலில் ஊர் திரும்ப நேர்ந்தால், பாலிசி நஷ்டத்தில் இருக்கும் நேரம் அது. இந்தியாவில் வரிச் சட்டப்படி முழுக் குடியிருப்பவராக ஆன பிறகும் வைத்திருக்கலாம், ஆனால் இந்திய வருமான வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் கேஷ் வேல்யூ உள்ள இன்சூரன்ஸ் என்று ஆண்டுதோறும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமிருக்கிறது. பிறகு சரண்டர் செய்தால் லாபத்தின் மீது அமெரிக்கா 30 சதவீதம் பிடிக்கலாம். இந்தியாவில், ஆண்டுப் பிரீமியம் காப்புத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டிய பாலிசிக்கு, இறப்புத் தொகை தவிர, வரி விலக்கு கிடையாது. 2023 ஏப்ரலுக்குப் பின் எடுத்தவற்றில் ஆண்டுக்கு மொத்தம் 5 லட்சம் ரூபாய்ப் பிரீமியம் என்ற உச்சவரம்பும் உண்டு. 12,000 டாலர் அந்த வரம்பைத் தாண்டிவிடும். கிரீன் கார்டு உறுதியாகும் வரை தள்ளிப்போடுவதே என் யோசனை.

அப்பா போட்ட எல்ஐசி. அதில் கடன் எடுக்கலாம். நடப்பில் உள்ள பாலிசிக்குச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை தருவார்கள், வட்டி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஆனால் "நீங்களே வங்கி" திட்டம் அதில் ஓடாது. பியூஏ மாதிரி கூடுதல் பணம் போடும் வாசல் எல்ஐசியில் கிடையாது. போனஸ் ஆயிரம் ரூபாய் காப்புக்கு இவ்வளவு என்று சேரும், ஏற்கெனவே சேர்ந்த போனஸ் மீது போனஸ் ஏறாது. சரண்டர் மதிப்பு மெதுவாக ஏறும். கடன் வட்டி, பாலிசி தரும் வருமானத்தைவிடப் பல புள்ளி மேலே. ஆகவே அது அவசரத்துக்கு மட்டும்.

அமெரிக்காவில் வரி கட்டும் நீங்கள் அந்தப் பாலிசி விஷயத்தில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) தாக்கலில் எல்ஐசியின் சரண்டர் மதிப்பையும் காட்ட வேண்டும். தனியாளுக்கு ஆண்டு முடிவில் 50,000 டாலர், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு ஒரு லட்சம் தாண்டினால் வெளிநாட்டு நிதிச் சொத்துகளுக்கான 8938 படிவமும் சேரும். வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கட்டும் ஆயுள் பிரீமியத்துக்கு 1 சதவீதக் கலால் வரி இருக்கிறது, படிவம் 720. எல்ஐசி பாலிசிகள் அமெரிக்கச் சட்டத்தின் ஆயுள் காப்பீட்டு வரையறைக்காக வடிவமைத்தவை அல்ல. அதனால் 7702 பிரிவில் தேறாமல் போனால் உள்ளே சேரும் போனஸுக்கு ஆண்டுதோறும் வரி கேட்க இடமிருக்கிறது. இந்தியா, அமெரிக்கா இரண்டு வரியும் பார்க்கும் கணக்கரிடம் பாலிசிப் பத்திரத்தின் நகலையும் கடைசி போனஸ் அறிக்கையையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, பிறகு அதைத் தொடர்வதா பெய்ட்-அப் ஆக்குவதா என்று முடிவெடுங்கள்.